ஐந்நூற்றுப்பத்து கிராம் கோல்

"என் கை கெட்டுப்போச்சா, இல்ல இந்தக் கோல் கெட்டுப்போச்சா? அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க சார்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் நீளமான தோல் உறை ஒன்றை மேசைமேல் வைத்தாள்.

முப்பது வருடம் கடைகடையாக ஏறி எடைக்கற்களுக்கு முத்திரை போட்டு ஓய்வு பெற்றவர், அவள் தேடி வந்த அந்த மனிதர். தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அவர் 'தராசு'தான். யார் எதைச் சொன்னாலும் உடனே ஏற்கவும் மாட்டார், உடனே தள்ளவும் மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய மைத்துனர் இதற்கு நேர் எதிர். சொந்தமாகப் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் மனிதர். ஐம்பது வயதாகியும் துப்பு என்று கேட்டால் போதும், சோறு தண்ணீர் வேண்டாம். அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் நோட்டைத் திறந்துவிட்டார்.

அவள் ஸ்நூக்கர் ஆட்டக்காரி; மேசைமேல் உள்ள பந்துகளைக் கோலால் அடித்துக் குழியில் தள்ளுகிற ஆட்டம். மூன்று முறை பட்டம் வென்றவள். அந்தக் கோல் அவளுடைய அப்பா செய்தது. அவர் கோல் செய்வதையே தொழிலாகக் கொண்டவர். நாற்பது வயதில் அவருக்குக் கை நடுக்கம் ஆரம்பித்தது. கடைசியில் இழைப்புளியைப் பிடிக்கக்கூட முடியவில்லை. அதற்கு முன் அவர் செய்து முடித்த கடைசிக் கோல் இதுதான். அப்பா போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. இப்போது அவளுக்கு முப்பத்தொன்பது. ஒரு மாதமாக, மெதுவாக அடிக்கிற அடிகளில் கோலின் முனை ஆடுகிறது. கிளப்பில் இருந்த வேறு கோல்களிலும் ஆடிப் பார்த்தாள். பழகாத கோலில் பந்து எங்கே விழும்? அப்பாவுக்கு வந்த நடுக்கம்தானா என்று கேட்டதற்கு டாக்டரோ, ஆரம்பத்தில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆறு மாதம் கழித்து வா என்று அனுப்பிவிட்டார். மூன்று நாளில் தேர்வு ஆட்டம். விலகிக்கொள்வதாகக் கடிதம் எழுதிப் பையில் வைத்திருந்தாள்.

கூட அவளுடைய கணவரும் வந்திருந்தார். லேத் பட்டறை வைத்திருப்பவர், ஆள் நல்ல ஆகிருதி. மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் தொண்டையைச் செருமினார்.

"கோல்ல ஒரு குறையும் இல்லீங்க. ஐந்நூத்திப்பத்து புள்ளி நாலு கிராம். அன்னைக்கு இருந்த எடைதான் இன்னைக்கும். இவ ஆடாட்டி என்ன, நான் இருக்கேன். அதைத்தான் சொல்லிக்கிட்டே இருக்கேன்." சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது.

எடையை அவளும் ஒப்புக்கொண்டாள். வாரா வாரம் வீட்டுச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்க்கிறாளாம். ஐந்நூற்றுப்பத்து. எப்போது வைத்தாலும் ஐந்நூற்றுப்பத்துதான்.

தராசு அவளிடம் ஒரு தாளைக் கொடுத்து முகவரியை எழுதச் சொன்னார். எழுதியதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கோலை உருவி எடுத்தார். வெளிர்நிற ஆஷ் மரத் தண்டு, அடிப்பக்கம் கருங்காலி. இரண்டும் சேருமிடத்தில் கருங்காலியின் நான்கு கூர்கள் வெளிர்மரத்துக்குள் ஏறியிருந்தன. நுனியில் பித்தளைப் பூண், அதன்மேல் தோல்முனை. கோலைக் குறுக்கே ஒற்றை விரலில் நிறுத்திப் பார்த்தார். பெட்டியிலிருந்து, மயிரிழை கனத்தையும் அளக்கும் வெர்னியர் அளவியை எடுத்து அடிக்கட்டையை அளந்தார், கோலைக் கால்வாசி திருப்பி மறுபடி அளந்தார். நான்கு அங்குலம் மேலே போய் அதையே செய்தார். மைத்துனர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை.

வெளியாட்களில் கோலைத் தொடுகிறவர் ஒரே ஒருவர்தான் என்றாள் அவள். கிளப்பைப் பார்த்துக்கொள்கிறவர், கோல்முனையில் பூசும் நீலச் சாக்கட்டியை எந்நேரமும் பிடித்து 'நீலவிரல்' என்று பெயர் வாங்கியவர். போன மாதம் தோல்முனை மாற்றியது அவர்தான். இதைக் கேட்டதும் மைத்துனருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

அன்று பிற்பகலே தராசும் மைத்துனரும் கிளப்புக்குப் போனார்கள். நீலவிரலுக்கு வந்ததே கோபம். அந்தப் பெண் எதிரில் நிற்கும்போதே கால்மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்ததாகவும், அடிக்கட்டைப் பக்கம் தான் போகவே இல்லை என்றும் சொன்னார். வெளியே வந்ததும் மைத்துனர் அடுக்க ஆரம்பித்தார். அசல் கோல் கைமாறிவிட்டது, உறையில் இருப்பது போலி, அசலுக்கு எங்கோ ஓர் ஆள் காத்திருக்கிறான்.

"இருக்கட்டும் மாப்ள. போன வருஷம் அவங்க ஜெயிச்சப்ப நீங்கதானே போட்டோ எடுத்தீங்க?"

"நான்தான் அத்தான். கோலை ஒத்த விரல்ல நிறுத்திக்கிட்டு சிரிப்பாங்களே, அந்தப் படம்."

"அதைப் பெருசாப் போட்டுக் கொண்டாங்க."

மறுநாள் காலை கிளப்பின் பெரிய மேசையைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். நீலவிரல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். தராசு படத்தைப் பச்சைத் துணியின்மேல் விரித்தார்.

முதலில் மைத்துனரின் போலிக் கதையை முடித்துவைத்தார். படத்தில் தண்டின்மேல் அம்புக்குறிபோல் ஓடும் மரக்கோடுகள் கையிலிருக்கும் கோலிலும் அச்சு அசலாக அப்படியே இருந்தன. ஒரு மரத்துக்கு ஓடிய கோடு இன்னொன்றுக்கு ஓடாது. அதனால் கோல் அதேதான். மைத்துனர் நோட்டில் ஒரு பக்கத்தைச் சத்தமில்லாமல் அடித்தார்.

"இப்ப விரலைப் பாருங்க. படத்துல, கருங்காலிக் கூரோட நுனியிலேருந்து தோல்முனைப் பக்கமா மூணு விரல் தள்ளி நிக்குது. இன்னைக்கு நிறுத்தினா" என்று நிறுத்திக் காட்டினார், "ரெண்டு விரல்தான்."

கோல் செய்கிறவர் அடியிலிருந்து துளை போட்டு, ஈயக் கம்பியை ஒரு சாண் உள்ளே தள்ளி, மீதித் துளையை மரத்தால் அடைப்பார் என்று விளக்கினார். ஈயம் எவ்வளவு என்பது பாதி வேலை, எங்கே உட்காருகிறது என்பது மீதி. அதே ஈயம் அடிக்குக் கீழிறங்கினால் எடை ஒரு கிராம்கூட மாறாது. ஆனால் முன்பக்கம் லேசாகிவிடும். வேகமாக அடித்தால் சமாளிக்கலாம், மெதுவாக அடித்தால் முனை ஆடும்.

"நேத்து நீங்க எழுதினதைப் பார்த்தேன்மா. ஒரு எழுத்துகூட நெளியலை."

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப ஈயத்தை யார் இறக்குனது?" என்றார் நீலவிரல்.

"இழைப்புளியில கையால இழைச்ச கோல் முழு வட்டமா இருக்காது. திருப்பி அளந்தா மயிரிழை வித்தியாசம் வரும். இதுலயும் வருது, கடைசி நாலு அங்குலத்தைத் தவிர. அங்க எப்படித் திருப்பினாலும் ஒரே அளவு. அது லேத்துல கடைஞ்ச புதுத் துண்டு. கறுப்போட கறுப்பு சேர்ந்ததால ஒட்டுத் தெரியலை." தராசு கணவரின் பக்கம் திரும்பினார். குரலில் கடுமை இல்லை. "சமையலறைத் தராசு புள்ளிக்கு அப்புறம் காட்டாது. புள்ளி நாலு உங்க பட்டறைத் தராசுல பார்த்தது. கோலை எதுக்குங்க அங்க கொண்டுபோனீங்க?"

கணவரின் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு நடந்ததைச் சொன்னார். ஒரு மாதத்துக்கு முன் வண்டியைப் பின்னால் எடுத்தபோது சுவரில் சாய்த்திருந்த கோலின் அடிக்கட்டைமேல் சக்கரம் ஏறிவிட்டது. மாமனாரின் கடைசிக் கோல். எந்த முகத்தோடு சொல்வது? அவள் வெளியூர் போயிருந்த இரண்டு நாளில் கருங்காலி வாங்கிக் கடைந்து ஒட்டினார். நசுங்கிய பழைய துண்டை அறுத்தபோது துளையிலிருந்து கழன்று வந்த ஈயத்தை உருக்கி, புதுத் துண்டுக்குள்ளேயே ஊற்றினார். பட்டறையில் வேலை சரியா என்பதற்கு அளவும் எடையும்தான் சாட்சி. இரண்டும் இம்மி பிசகவில்லை. அதனால் அந்த வேலையை அவர் மறந்தே போனார்.

"சத்தியமா எனக்குத் தோணவே இல்லை. கைதான் போச்சுன்னு நானும் நம்பிட்டேன்."

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "ஒரு மாசமா கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கிட்டிருந்தேன். நீங்களும் பக்கத்துல நின்னு பார்த்தீங்க. கோல் உடைஞ்சுதுன்னு சொல்லியிருந்தா ஒரு நாள் அழுதிருப்பேன், அவ்வளவுதானே?"

மைத்துனர் நோட்டை மூடிவைத்தார். யாராவது கையும் களவுமாக மாட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டதை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது.

அவள் நீலவிரலிடம் மரத்தில் துளை போடும் கைத்துரப்பணம் கேட்டாள். கொண்டுவந்து கொடுத்தார். கோலை மேசைமேல் படுக்க வைத்து, அடிக்கட்டை கணவரின் பக்கம் இருக்கும்படி இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்தாள்.

"லேத் வேணாம். நான் பிடிச்சுக்கிறேன், நீங்க துளை போடுங்க. ஈயம் ஒரு சாண் உள்ள போகணும்."

அவர் துரப்பணத்தை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். அதன் கூர் அடிக்கட்டையில் பதியாமல் வழுக்கி வழுக்கிப் போயிற்று. அவருடைய நடுக்கம் நிற்கும்வரை அவள் கோலை அசையாமல் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.