இமைமேல் இரண்டு விரல்

கணவனின் தோளைப் பிடித்துக்கொண்டு நீச்சல் டீச்சர் அந்தப் பழைய வீட்டின் மாடிப்படியில் ஏறினாள். இரண்டு கண்கள்மேலும் பிளாஸ்டிக் மூடி, அதைச் சுற்றிப் பிளாஸ்திரி, அதற்கும் மேலே கறுப்புக் கண்ணாடி.

"படி முடிஞ்சுது. இப்போ வாசல். காலைத் தூக்கி வை."

"கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்குங்க."

"காட்டுல இல்ல, வாடகை ரூம்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கண் அசையுமோ என்று பாதியிலேயே அடக்கிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர்கள் ஊர் வெகுதூரம். காலையில் லேசர் ஆப்பரேஷன், மறுநாள் பரிசோதனை. நடுவில் தங்குவதற்காக, நடந்து போகிற தூரத்தில் இந்த மாடி அறையைப் பிடித்திருந்தான். நெடுநாள் திறக்காத அலமாரியின் வாடை அடித்தது. ஜன்னல் திரையை அவன் இழுத்து மூடும் சத்தம் கேட்டது.

சின்ன வயதிலிருந்தே அவளுக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி. அதைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினால், குளத்தின் மறுகோடியில் தெரிவது பிள்ளையின் தலையா மிதவையா என்று புரியாது. பார்வையைச் சரிசெய்துகொள், இல்லாவிட்டால் ஆபீஸ் வேலைக்கு வா என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். தண்ணீரை விட்டுவிட்டு நாற்காலியில் உட்காருவதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

டாக்டர் எதையும் மறைக்கவில்லை. கண் வறண்டு போகலாம், விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம், அபூர்வமாகச் சீழ் பிடிக்கலாம் என்றார். "கருவிழி மேல மெல்லிசா ஒரு படலத்தைத் திறந்து, லேசர் வச்சு, திரும்ப மூடிடுவோம். தையல் கிடையாது. ஒட்டுற வரைக்கும் கசக்கக் கூடாது, அழுத்தக் கூடாது. படலம் நகர்ந்துட்டா கஷ்டம்."

"அப்படி ஆகிற ஒருத்தி நானா இருந்தா?" என்று வீட்டில் கணவனிடம் கேட்டாள்.

"உன் கண்ணு. நீதான் முடிவு பண்ணணும்," என்றான் அவன். அவளுக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் யோசித்து யோசித்து, ஒருவழியாகச் சம்மதித்தாள்.

இப்போது அவளைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, சாப்பாடு வாங்கி வருவதாகச் சொல்லி அவன் கிளம்பினான். வெளியே பூட்டு விழுந்தது. படிகள் முனகின. பிறகு அமைதி.

அரைத்தூக்கத்தில் இருந்தாள். வலது கண்ணின் பிளாஸ்திரி மெல்ல உரிந்தது. தோல் இழுபடவே இல்லை, அவ்வளவு பக்குவம்.

"வந்துட்டீங்களா?"

இரண்டு விரல்கள் இமையைப் பிரித்தன. வேலை பழகிய கை. குளிரில் விறைத்த கை. மங்கலான வெளிச்சத்துக்கு மேல் ஏதும் அவளுக்குத் தெரியவில்லை. ஒரு சொட்டு விழுந்தது. கண்ணில் இருந்த மணல் உறுத்தல் அப்படியே அடங்கியது. பிறகு இடது கண். மூடியைப் பழையபடி பொருத்தி, பிளாஸ்திரியை ஒட்டி, நெற்றியை ஒருமுறை தடவிவிட்டது அந்தக் கை.

வீட்டில் வைத்த பொருளைத் தேடத் தெரியாத மனுஷனுக்கு இவ்வளவு பக்குவமா என்று நெகிழ்ந்துபோனாள்.

அப்போதுதான் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது.

"கடையில ஒரே கூட்டம். பசிக்குதா? இரு, முதல்ல மருந்து போட்டுடறேன்."

அவள் முகத்தைக் குரல் வந்த பக்கம் திருப்பினாள்.

"என்னம்மா?"

"இப்பதானே போட்டீங்க?"

"நான் இப்பத்தானே உள்ள வரேன்!"

மருந்துப் பையைக் கலைக்கும் சத்தம். பிறகு அவன் குரல் இறங்கியது. "பாட்டிலோட சீலே உடைக்கலையேம்மா."

அப்படியானால் கண்ணுக்குள் விழுந்தது என்ன?

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்கள். வலி உண்டா, எரிச்சல் உண்டா என்று நர்ஸ் கேட்டாள். இல்லை, இதமாக இருக்கிறது என்றாள் டீச்சர். "தூக்கத்துல கனவு கண்டிருப்பீங்க. கண்ணைத் தொடாதீங்க. காலையில டாக்டர் பார்ப்பார்."

அவன் கீழே ஓடினான். வீட்டுக்காரம்மாவிடம் இன்னொரு சாவி இருக்கும், ஒருவேளை அவர் மேலே வந்தாரா? திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"சொல்லுங்க."

"அந்தம்மாவுக்கு முட்டிவலியாம். மாடி ஏறியே வருஷக்கணக்காச்சாம்."

"அவ்வளவுதானா?"

"கண் ஆப்பரேஷனுக்கு வந்து தங்கினவங்க எல்லாரும், நல்லா கவனிச்சுக்கிட்டீங்கன்னு அந்தம்மாவுக்கு நன்றி சொல்லிட்டுத்தான் போவாங்களாம். எதுக்குன்னு அந்தம்மா கேட்டுக்கிட்டதே இல்லையாம்."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழக்கூடாது. துடைக்கக் கூடாது.

உடனே கிளம்பிவிடலாம் என்றுதான் இருவருக்கும் தோன்றியது. ஆனால் வெளியே காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. அந்தப் புழுதி கண்ணில் பட்டால் என்ன ஆகும்? அவன் கதவை உள்தாழ்ப்பாள் போட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தான். நேரத்துக்கு அவனே மருந்து போட்டான். பாதி மருந்து கன்னத்தில் வழிந்தது.

பொழுது சாய்ந்தது.

தெருச்சத்தம் ஒவ்வொன்றாக ஓய்ந்தது. அலமாரி வாடை நெருங்கி வந்தது போலிருந்தது. இப்போது அது தலைமாட்டில் இருந்தது.

வலது கண்ணின் பிளாஸ்திரி உரிந்தது.

"இப்ப வேண்டாங்க. இப்பத்தானே போட்டீங்க."

அவன் மூச்சுத் திணறுவது மட்டும் கேட்டது.

"ஏங்க?"

"நான் போடலம்மா." அவன் குரல் கிசுகிசுப்பாக வந்தது. "உன் கையைத்தான் ரெண்டு கையாலயும் பிடிச்சிட்டிருக்கேன்."

உண்மைதான். அவளுடைய இரண்டு உள்ளங்கைகளும் அவன் பிடியில் வியர்த்துக்கொண்டிருந்தன.

குளிர்ந்த விரல்கள் இமையைப் பிரித்தன.

"யாரு இருக்கா? என்ன தெரியுது?"

"யாருமே இல்ல. மூடி தானா எழும்பி நிக்குது. உன் இமை..."

"தட்டி விடுங்க!"

அவன் கை உயர்ந்தது. அங்கேயே நின்றது. எதைத் தட்டுவது? கொஞ்சம் பிசகினால் அடி விழுவது அந்தக் கண்ணில். ஒட்டாத படலம்.

ஒரு நகத்தின் நுனி அவள் கருவிழியை உரசுவது போல் வந்து நின்றது. காதோரம் ஒரு பெண்குரல், அன்பாக, மூச்சே இல்லாமல்:

"அசையாதே."

அவள் அசையவில்லை. அவனும் அசையவில்லை.

சொட்டு விழுந்தது.

விடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரியில் மூடிகளை எடுத்தபோது, சுவரிலிருந்த எழுத்துகள் கடைசி வரி வரைக்கும் கத்தரித்து ஒட்டியது போல் தெரிந்தன. டாக்டருக்கு ஒரே சந்தோஷம். நடந்ததைக் கணவன் தட்டுத்தடுமாறிச் சொல்லவும், பயத்தில் அப்படித் தோன்றும் என்று சிரித்தார். அறையை இருட்டாக்கி, அவள் மோவாயைக் கருவியில் வைக்கச் சொல்லி, எதிரே உட்கார்ந்து லென்சில் கண்ணைப் பதித்தார். மெல்லிய வெளிச்சக்கோடு வலது கண்ணில் விழுந்தது.

"அருமையா ஒட்டியிருக்கு. ஒருநாள்ல இப்படி நான் பார்த்ததே இல்ல. சரி, கண்ணை மூடிக்கோங்க."

இடது கண் மூடியது. வலது கண் மூடவில்லை. எவ்வளவு முயன்றும் முடியவில்லை.

டாக்டர் லென்சிலிருந்து பார்வையை எடுக்காமலே கொஞ்சம் எரிச்சலோடு சொன்னார்:

"பார்த்தாச்சும்மா. நீங்க இமையை விட்டுட்டு, கையை எடுங்க."

கருவியின் பிடியை இறுக்கிக்கொண்டிருந்த இரண்டு கைகளையும் அவள் மெல்ல மேலே தூக்கிக் காட்டினாள்.

டாக்டர் தலையை நிமிர்த்தினார். எதிரே அவள் மட்டும். கணவன் எட்ட, கதவோரம் நின்றிருந்தான். அவர் மறுபடியும் குனிந்து லென்சுக்குள் பார்த்தார். அப்படியே இருந்தார். அவருடைய மூச்சுச் சத்தம் மட்டும் அந்த இருட்டு அறையில் கேட்டது.

"டாக்டர்," என்றாள் அவள், உதடு அசையாமல். "என்ன தெரியுது?"

அவர் பதில் சொல்வதற்குள் அவள் வலது கண்ணில் ஒரு சொட்டு விழுந்தது.