தலைக்குத் தண்ணீர்

வாசல் நிலையில் செருகிய வேப்பிலை பதினேழு நாளாகியும் வாடவில்லை.

பால் பாக்கெட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் வைக்க வந்தபோதுதான் நாகவல்லி அதைக் கவனித்தாள். அக்கினி நட்சத்திர வெயில். காலை எட்டு மணிக்கே கழனிவாசல் தெருவில் கால் வைக்க முடியாது. கொடியில் போட்ட துணி அரை மணியில் அப்பளமாக மொறுமொறுக்கிறது. அந்த வெயிலில் ஒரு கொத்து வேப்பிலை, நேற்று ஒடித்தது போலத் தளதளவென்று தொங்கிக்கொண்டிருந்தது. காம்பு ஒடிந்த இடத்தில் இன்னும் ஈரம் இருந்தது. அதை எடுத்துப் போட்டுவிடலாம் என்று பல நாளாக நினைக்கிறாள். கை உயருகிறது, பிறகு வேறு வேலை நினைவுக்கு வந்துவிடுகிறது. அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள்.

கொரோனாவின் இரண்டாவது அலை அது. முதல் அலையில் ஏனோதானோ என்று இருந்தவர்கள்கூட அரண்டுபோன நேரம். நாகவல்லி முதல் அலையிலேயே அரண்டவள். குளியலறை வாசலில் பினாயில், அடுப்படியில் கைகழுவும் சோப்பு நீர், வாசலில் பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளி, இவை போதாதென்று இடுப்பில் செருகிய சாவிக்கொத்து மாதிரி எந்நேரமும் கையில் ஒரு கிருமிநாசினிப் பீச்சுபாட்டில். புருஷன் சத்தியமூர்த்தி மின்வாரியத்தில் லைன்மேன். ஊரடங்கு அவனுக்குக் கிடையாது. வேலை முடிந்து வந்தால் கொல்லைப்பக்கமாக நுழைந்து, உடுப்பைக் கழற்றி வாளியில் போட்டு, குளித்த பிறகுதான் மகள் கிருஷ்ணப்ரியாவின் முகத்தைப் பார்க்கலாம்.

"பேசாம என்னையவும் ஊறப்போட்டுத் தொவைச்சிரு வள்ளி" என்பான்.

அவன்கூடப் பரவாயில்லை. தெருவை என்ன செய்வது? முகக்கவசத்தைத் தாடைக்கு மாட்டிக்கொண்டு கருவேப்பிலை கேட்டு வந்தார்கள். மொபைல் சார்ஜர் கேட்டு வந்தார்கள். சும்மா பேச வந்தார்கள். வராதே என்று எந்த வாயால் சொல்வது? அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. கொரோனாவுக்குப் பயப்படாத தெரு, அம்மைக்குப் பயப்படும். அம்மை போட்ட வீட்டுக்குள் யாரும் காலடி வைக்க மாட்டார்கள்.

ஒரு கொத்து வேப்பிலையை ஒடித்து நிலையில் செருகினாள். எதிர்வீட்டுப் பிச்சையம்மாளிடம், "பாப்பாவுக்கு முத்துப் போட்டிருக்குக்கா" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். பிச்சையம்மாளிடம் சொன்னால் தனியாகத் தண்டோரா போட வேண்டியதில்லை. அதோடு கேட் திறக்கும் சத்தம் நின்றது. சத்தியமூர்த்தியிடம் மட்டும் வேப்பிலை கிருமிக்காக என்று சொல்லிவைத்தாள். எல்லா வீட்டிலும்தான் அப்போது வேப்பிலை தொங்கியது, அவன் எதுவும் கேட்கவில்லை. தன் கெட்டிக்காரத்தனத்தை எண்ணி நாகவல்லி மூன்று நாள் தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு இப்போது நினைவுக்கு வந்தால் காது மடல்வரை எரிகிறது.

நாலாம் நாள் மத்தியானம் பாண்டீஸ்வரி வந்தாள்.

பாண்டீஸ்வரி சத்தியமூர்த்தியின் அக்கா. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். புருஷன் போன பிறகு நாச்சியாபுரத்தில் தனியாக இருந்தாள். கிருஷ்ணப்ரியா பிறந்தபோது நாற்பது நாள் இங்கேயே தங்கி, நாகவல்லியின் தீட்டுத் துணியை முகம் சுளிக்காமல் அலசிப் போட்டவளும் அவள்தான். அன்று காய்கறி வண்டியில் ஏறி வந்து கேட்டுக்கு வெளியே நின்றாள். மூச்சு மேலும் கீழும் வாங்கியது.

"ரெண்டு நாளாக் காய்ச்சலா இருக்கு வள்ளி. தனியாக் கெடக்கப் பயமா இருந்துச்சு. தம்பி வந்தா ஆசுபத்திரிக்கிக் கூட்டிட்டுப் போகச் சொல்லலாம்னு வந்தேன்."

நாகவல்லி சன்னலைத் திறக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் நின்றே சொன்னாள்.

"பாப்பாவுக்கு அம்மை போட்டிருக்கு மதினி. உள்ள வராதீக."

நாக்கு தடுமாறவே இல்லை. அதுதான் இன்றுவரை அவளை அறுக்கிறது. பாண்டீஸ்வரி உடனே செருப்பைக் கழற்றினாள். நீலவார் ரப்பர் செருப்பு, ஒரு பக்கம் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு நின்று வேப்பிலையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"சின்ன உசுரு ஆத்தா. பாத்து எறங்கு" என்றாள். பிறகு சன்னல் பக்கம் திரும்பி, "காய்ச்சலோட நான் இங்குட்டு வந்து நின்னதே தப்பு. தலைக்குத் தண்ணி ஊத்துற அன்னைக்கி மட்டும் சொல்லிவிடு தாயி. நம்ம வீட்ல அத்தைதான் ஊத்தணும். எப்படியும் வந்துருவேன்."

அவள் இருபது தப்படிகூடப் போயிருக்க மாட்டாள். நாகவல்லி கதவைத் திறந்து, பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடி, அவள் தொட்ட கேட்டிலும் அவள் நின்ற இடத்திலும் பீச்சினாள். புஸ், புஸ், புஸ். நிமிர்ந்தபோது பாண்டீஸ்வரி தெருமுனையில் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மெதுவாகத் திரும்பி நடந்தாள்.

அதிலிருந்து ஐந்தாம் நாள் ஆசுபத்திரியில் இறந்துபோனாள். வெள்ளை உறையில் ஜிப் போட்டு மூடி நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். சத்தியமூர்த்தியை இருபதடி தள்ளி நிறுத்திவிட்டார்கள்.

"ஒரு சொம்புத் தண்ணி ஊத்த முடியல வள்ளி. குளிப்பாட்டாமப் போயிருச்சு" என்று கொல்லையில் உட்கார்ந்து அழுதான். "காய்ச்ச வந்த அன்னைக்கே நம்ம வீட்டுக்கு வந்திருக்கலாம்ல. அக்கா ஏன் வரல?"

நாகவல்லி அவன் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "ஆமா" என்றாள். அந்த வீட்டில் பால் பாக்கெட்டைக்கூட இரண்டு முறை குளிப்பாட்டுகிறார்கள்.

இன்று வெள்ளிக்கிழமை. எங்கோ டிரான்ஸ்பார்மர் புகைகிறது என்று சத்தியமூர்த்தி காலையிலேயே போய்விட்டான். நாகவல்லி வேப்பிலையைப் பார்க்காமல் உள்ளே வந்து, வீடு துடைக்கப் பினாயில் மூடியைத் திருகினாள். வாசனை வேறாக இருந்தது. மூக்கைச் சுருக்கி மறுபடி முகர்ந்தாள். பினாயிலின் காரம் அதில் இல்லை. அம்மியில் வைத்து அரைத்த வேப்பிலையின் பச்சைக் கசப்பு, அதற்கடியில் மஞ்சள். பாட்டிலின் ஒட்டுத்தாளைப் படித்தாள், நேற்று வாங்கிய அதே பாட்டில்தான். கைகழுவும் சோப்பைப் பிதுக்கிப் பார்த்தாள், எலுமிச்சை வாசனை போய் அதிலும் அதே மஞ்சள். மூக்கில்தான் கோளாறு என்று சட்டென்று பயம் வந்தது. வாசனை போனால் கொரோனா என்பார்கள். ஆனால் காப்பித்தூள் காப்பித்தூளாகத்தான் மணத்தது. பெருங்காயம் பெருங்காயமாகத்தான் இருந்தது. வீட்டைக் கழுவ வைத்திருந்தவை மட்டும்தான் மாறியிருந்தன.

வாசலில் பிளீச்சிங் வாளியைப் போய்ப் பார்த்தாள். சுண்ணாம்பு கரைத்தது போல் வெளுத்திருக்க வேண்டிய தண்ணீர் மஞ்சளாக இருந்தது. மேலே இரண்டு வேப்பிலை மிதந்தது. அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் அன்று வெயிலில் வைத்துச் சூடாக்குகிற தண்ணீர் இப்படித்தான் இருக்கும். அண்டா நிறைய மஞ்சளும் வேப்பிலையும் போட்டு, வெயில் ஏறிய பிறகு ஊற்றுவார்கள்.

நாகவல்லி வாளியைக் கவிழ்க்கவில்லை. அதைத் தொடவே பயமாக இருந்தது.

உள்ளே கிருஷ்ணப்ரியா கட்டிலில் கவிழ்ந்து படுத்து மொபைலில் பொம்மைப்படம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கை கழுத்தைச் சொறிந்துகொண்டே இருந்தது.

"கழுத்துல என்ன பாப்பா?"

"அரிக்குதும்மா."

சடையை விலக்கினாள். பிடரியில் ஒன்றே ஒன்று. நீர் கோத்து, பளபளவென்று, ஒரு முத்து.

வேர்க்குரு. வெயிலுக்கு வந்த வேர்க்குருதான். நாகவல்லி வாய்விட்டே சொன்னாள். எட்டு வயதுப் பிள்ளை. அவள் தலையில் அல்லவா அந்தப் பொய்யைத் தூக்கி வைத்தோம், நம் தலையில் வைத்துக்கொள்ளத் தோன்றவில்லையே என்று இன்றைக்குத்தான் முதல்முறையாக நினைத்தாள். பதினேழு நாளில் அது தோன்றவில்லை. தன்னை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"வள்ளி!" எதிர்வீட்டு மாடியிலிருந்து பிச்சையம்மாளின் குரல். "இன்னைக்கித்தான் பாப்பாவுக்குத் தண்ணி ஊத்துறியா? ஆளு வந்திருக்காக போல, வெளிய செருப்புக் கெடக்கு."

நாகவல்லி வாசலுக்கு வந்தாள். கேட்டுக்கு வெளியே, வெயிலில், ஒரு ஜோடி செருப்பு. நீல வார். ஒரு பக்கம் ஊக்கு.

அவள் கை தானாகப் பாட்டிலை எடுத்தது. எட்ட நின்றே செருப்பின்மேல் பீச்சினாள். விரல் நிற்கவில்லை. புஸ், புஸ், புஸ். செருப்பைச் சுற்றி ரோடு மஞ்சளாக நனைந்து, நனைந்த வேகத்தில் காய்ந்தது. கேட்டின் உள்பக்கம் ஒரு ஈரத் தடம் இருந்தது. அதற்கு முன்னால் இன்னொன்று. வெறுங்கால் தடங்கள். படியேறி, நிலையைத் தாண்டி, வீட்டுக்குள் போயிருந்தன.

வெளியே வந்த தடம் இல்லை.

"பாப்பா."

கட்டிலில் மொபைல் மட்டும் தனியாகப் பாடிக்கொண்டிருந்தது. ஈரத் தடம் கட்டில்வரை போய், அங்கிருந்து இரண்டு ஜோடியாகத் திரும்பியது. பெரிய கால். பக்கத்திலேயே சின்னக் கால். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது.

உள்ளே தண்ணீர் மொள்ளும் சத்தம்.

டணங் என்று வாளி விளிம்பில் சொம்பு இடித்தது. அவர்கள் குளியலறையில் பிளாஸ்டிக் கப்தான் உண்டு. இது பித்தளைச் சத்தம். தொடர்ந்து தலையில் தண்ணீர் விழுந்து தரையில் சிதறியது. ஒன்று.

"பாப்பா, கதவத் தெற."

"கண்ணு எரியுது அத்தை" என்றது பிள்ளையின் குரல், உள்ளே, வேறு யாரிடமோ.

டணங். இரண்டு.

நாகவல்லி கதவைத் தள்ளினாள். அசையவில்லை. கதவுக்கடியில் மஞ்சள் தண்ணீர் கசிந்து அவள் கால்விரலைத் தொட்டது. வெதுவெதுப்பாக இருந்தது, வெயிலில் வைத்த தண்ணீர். அவள் அப்படியே மண்டியிட்டாள்.

"மதினி. பொய் மதினி. பாப்பாவுக்கு ஒண்ணுமில்ல. அம்மையே இல்ல. யாரும் வரக்கூடாதுன்னு நாந்தான் பொய் சொன்னேன். உங்களையும் போகச் சொல்லிட்டேன். எம் மேல வந்து எறங்குங்க. பிள்ளைய விட்டுருங்க மதினி."

சத்தம் நின்றது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிவது மட்டும் கேட்டது. உள்ளே யாரோ தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்கள். பிள்ளை அதைக் கேட்டு வாங்கி வெளியே சொன்னாள்.

"அம்மா, அத்தைக்குத் தெரியுமாம். நீ தெளிச்சப்பவே தெரியுமாம். பரவாயில்லன்னு சொல்றாக."

நாகவல்லிக்கு அழக்கூட முடியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

டணங். மூன்று.

தாழ்ப்பாள் விலகியது.

கிருஷ்ணப்ரியா வெளியே வந்தாள். தலைமுடி முகத்தில் ஒட்டியிருந்தது. உச்சியில் வேப்பிலை. தண்ணீர் ஊற்றினால் முத்து இறங்கும் என்பார்கள். இவளுக்கு ஏறியிருந்தது. நெற்றியில், இமையில், உதட்டில், உள்ளங்கையில். இடம் விடாமல்.

பிள்ளை சிரித்தாள்.

"எனக்கு ஊத்தியாச்சும்மா. இப்ப நீ அத்தைக்கு ஊத்தணுமாம். அவுகளுக்கு யாருமே ஊத்தலையாம்."

குளியலறை முக்காலியில் வெள்ளையாக ஒரு உருவம் உட்கார்ந்திருந்தது. பிளாஸ்டிக் உறை. ஜிப் கழுத்துவரை திறந்திருந்தது. நரைத்த தலை, எண்ணெய் காணாமல் சிக்குப் பிடித்து, முன்னால் குனிந்திருந்தது. தண்ணீருக்குக் காத்திருக்கிற குனிவு. காலடியில் மஞ்சள் தண்ணீரோடு பித்தளைச் சொம்பு. நிறைத்து வைத்திருந்தது.

ஒரு சொம்பு. ஒரே ஒரு சொம்பு ஊற்றினால் போதும். நாகவல்லிக்கு அது தெரிந்தது. உள்ளே போனாள். சொம்பை எடுக்கத்தான் போனாள். கையை நீட்டினாள்.

புஸ்.

சத்தம் கேட்ட பிறகுதான் தன் கையைப் பார்த்தாள். சொம்பு தரையில் அப்படியே இருந்தது. விரல் பாட்டிலின் விசையில் இருந்தது.

புஸ். புஸ்.

விரல் நிற்கவில்லை. நரைத்த தலையில் துளித்துளியாக ஈரம் படிந்தது. தெருமுனையில் அன்று திரும்பியது போலவே, அவசரமில்லாமல், குனிந்திருந்த தலை அவள் பக்கம் திரும்பத் தொடங்கியது.