ரத்தக்கட்டி கரையும் முன்...

அண்ணன் கீழ்த்தளத்துப் பிணவறையில்.

தம்பி மூன்றாவது மாடி வார்டில்.

ஒரே ஆஸ்பத்திரி!

தம்பியின் வலது கை தோளிலிருந்து விரல் வரை வீங்கி, நீலம் பாரித்து, மரத்துக் கிடந்தது. மனசும் அப்படித்தான். கூடப் பிறந்தவன் மாடியிலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்தும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கவலையெல்லாம் கையைப் பற்றித்தான். கடிகாரம் ரிப்பேர் செய்கிற கை ஆயிற்றே!

கதவோரம் இன்ஸ்பெக்டர்... தொப்பியை அக்குளில் இடுக்கியபடி.

'இந்த ஆள் எதுக்கு இங்க நிக்கறான்...?'

டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்தார்.

"தோள்கிட்ட பெரிய ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கு. திடீர்னு பாரம் ஏதாவது தூக்கினீங்களா?"

"பீரோவை நகர்த்தினேன் டாக்டர்."

பீரோவாவது மண்ணாவது! அவன் தூக்கியது அண்ணனை. செத்த உடம்பை மொட்டை மாடி வரை சுமந்து போய்க் கீழே தள்ளிவிட்டிருந்தான்.

"கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து. கரைக்கிற மருந்து விடலாம்னு பார்க்கறோம்."

"கை தேறிடுமா?"

"தேறும். ஆனா ஒண்ணு... சமீபத்துல தலையில அடி கிடி பட்டுதா? பட்டிருந்தா அந்த மருந்து கூடவே கூடாது. மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சிடும்!"

பட்டிருந்தது. பின்மண்டையில், முடிக்குள்ளே ஒரு புடைப்பு. சாவதற்கு முன் அண்ணன் இரும்புக் கம்பியால் கொடுத்த சீர்!

சொன்னால் இன்ஸ்பெக்டர். சொல்லாவிட்டால் எமன்.

"இ... இல்ல டாக்டர்."

நர்ஸ் ஊசியோடு வந்தாள். இடது கையில் சொருகியிருந்த குழாயில் பொருத்தினாள். கட்டைவிரலை வைத்து அழுத்த...

"ஐயோ, நிறுத்தும்மா! அடி பட்டிருக்கு! அண்ணன்தான் கம்பியால மண்டையில போட்டான்... நான் அவனை முடிக்கறதுக்கு முன்னாடி!"



நர்ஸ் திருதிருவென விழித்தாள். "சார்... இது வெறும் உப்புத் தண்ணி. குழாய் அடைச்சுக்காம இருக்க விடறது!"

"அடி பட்டுதுன்னு சொல்லியிருந்தா தலையை ஸ்கேன் பண்ணிட்டு வேற வைத்தியம் பார்த்திருப்போமே! அதைச் சொல்ல என்ன?" என்றார் டாக்டரம்மா.

தம்பியின் கண் வீங்கிய கைக்குப் போனது. இப்போதும் அழுகை வரவில்லை.

இன்ஸ்பெக்டர் கட்டிலருகே வந்தார். முகத்தில் நிஜமான வருத்தம்!

"கால் தவறி விழுந்துட்டார்னு கேஸையே மூடிட்டோம் சார். துக்கம் விசாரிச்சுட்டுப் போகலாம்னுதான் வந்தேன்..."

விலங்கை எடுத்தார். ஒரு கையில் வீக்கம், இன்னொரு கையில் குழாய். யோசித்துவிட்டுக் கணுக்காலில் மாட்டினார்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்! எங்க ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போறவங்க எல்லாம் அதைத்தானே சொல்றாங்க!"