வினோதினி போடாத கையெழுத்து

வினோதினி நீட்டிய காபியை ராஜம்மாள் வாங்கவில்லை. தானே போய் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டாள். மருமகள் கையால் ஒரு வாய் காபி குடிப்பதுகூடக் கௌரவக் குறைச்சல் என்கிற அளவுக்கு, கிரிவலப் பாதையோரம் அடி அண்ணாமலை கிராமத்தில் இருந்த அந்த வீடு வந்திருந்தது.

எல்லாம், ரோடு போட அரசாங்கம் எடுத்துக்கொண்ட நிலத்துக்குக் கிடைத்த பணத்தால் வந்தது. வினோதினியின் கணவன் காசி இறந்தபிறகு, மாமியார் மருமகள் இருவர் பேரிலும் பேங்கில் கிடந்த பணம் அது. இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும். அந்தக் குடும்பத்துக்கு மிஞ்சியிருந்ததும் அதுதான். அதை எடுத்து, டவுனில் புதிதாக வந்திருந்த பைனான்ஸில் போட வேண்டும் என்று கொழுந்தன் முருகவேல் ஒற்றைக்காலில் நின்றான். ஊரில் பாதிப் பேரை அவன்தான் சேர்த்துவிட்டிருந்தான். பேங்க் ஒரு வருஷத்தில் தருகிற வட்டியை அங்கே ஒரே மாதத்தில் தருவார்களாம். ராஜம்மாளுக்கு வட்டியைவிடப் பெரிய நம்பிக்கை வேறொன்று இருந்தது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அந்தக் கம்பெனிக்காரர்கள் கிரிவலப் பாதையில் பந்தல் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் வயிறாரச் சாம்பார் சாதம் போட்டார்கள்.

"அண்ணாமலையார சுத்தி வர்றவங்களுக்குச் சோறு போடறவன் நம்மள ஏமாத்துவானா?" என்றாள்.

சோறு போடுவது புண்ணியம்தான். வினோதினி அதை மறுக்கவில்லை.

"அவங்க இன்னா தொழில் பண்ணி இவ்ளோ வட்டி தர்றாங்க அத்தை? அத மட்டும் சொல்லச் சொல்லுங்க, கையெழுத்துப் போடறேன்."

முருகவேலுக்குத் தெரியவில்லை. தெரியாத கோபத்தில், நாங்கள் நன்றாக இருப்பது அண்ணிக்குப் பொறுக்கவில்லை என்றான். ராஜம்மாள் அதற்கும் ஒரு படி மேலே போனாள்.

"எம்புள்ள இருந்திருந்தா இந்த வீட்ல உம்பேச்சு எடுபட்டிருக்குமா?"

அந்த வார்த்தை வினோதினியைச் சுட்டது. ஒரு கையெழுத்தைப் போட்டுத் தொலைத்தால் எல்லாரும் மறுபடி முகம் கொடுத்துப் பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? மாவு அரைக்கும்போதும் துணி துவைக்கும்போதும் அழுதாள். ஆனாலும் போடவில்லை.

ஆடிப் பௌர்ணமி அன்று பந்தல் போடும் இடம் காலியாகக் கிடந்தது. சாப்பாடு எங்கே என்று கேட்ட வெளியூர்க்காரர்களுக்குப் பதில் சொல்ல ஆளில்லை. மறுநாள் போய்ப் பார்த்தால் டவுன் ஆபீஸிலும் பூட்டுத் தொங்கியது.

முருகவேல் தன் சம்பாத்தியத்தோடு, மனைவி ஆர்த்தியின் நகையை அடகு வைத்த பணத்தையும் அங்கேதான் போட்டிருந்தான். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, தெருவில் எந்த முகத்தோடு நடப்பேன், எங்கேயாவது ஓடிப்போகிறேன் என்று உள்ளேயிருந்து அழுதான்.

சொல்லிக்காட்ட வினோதினிக்கு எவ்வளவோ இருந்தது. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு கதவருகே உட்கார்ந்தாள்.

"ஓடிப்போனா நீயும் அவங்க ஆளுன்னுதான் சொல்லுவாங்க தம்பி. ஆர்த்தி நகைக்கு வட்டி ஏறிக்கினே இருக்கும், பேங்க் பணத்துல மொதல்ல அத மீட்டுடலாம். அப்புறம் நீ சேத்துவிட்ட வீட்டுக்கெல்லாம் போய் நாமளே சொல்லுவோம். ரசீத எடுத்துக்கினு எல்லாரும் ஒண்ணா போய் போலீஸ்ல எழுதிக் குடுப்போம். திட்டுவாங்க... திட்டட்டும். நான் கூட வர்றேன்."

கதவு திறந்தது. காலில் விழப் போனவனை அவள் விடவில்லை. கூடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ராஜம்மாள் மருமகளைக் கட்டிக்கொண்டாள்.

"உன்ன இன்னா பேச்சு பேசிட்டேன்டீ..."

இருவரும் அழுதார்கள். பிறகு ராஜம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"மொதல்ல மணியம்மா வூட்டுக்குப் போலாம். அவள பைனான்ஸ்ல சேரச் சொன்னது முருகவேலு இல்ல, நானு" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.