முதுகு காட்டி நின்றவர்கள்

சுவரில் முதலில் தெரிந்தது ஒரு கொண்டை.

ஐப்பசி மழையில் புதுச்சேரியில் ஓதம் ஏறாத சுவர் என்று ஒன்று இருந்தால், அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கடற்கரையில் காட்சிக்கு வைக்கலாம். படுக்கையறைச் சுவரில் ஓதம் பிடித்து யானை தெரியும், படகு தெரியும், தாடிக்காரர் ஒருவர் வருஷா வருஷம் வந்துவிட்டுப் போவார். கலியபெருமாள் இதையெல்லாம் பிறந்ததிலிருந்து பார்த்தவர்தான். ஆனால் இந்தக் கொண்டைக்குக் கீழே கழுத்து இருந்தது. கழுத்துக்குக் கீழே ரவிக்கையின் வட்டம், இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் தோள்கள், இடுப்பில் செருகிய முந்தானை. ஒரு பெண், ஆள் உயரத்துக்கு, அறைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள்.

பார்த்தவுடனே அவருக்கு ஆள் தெரிந்துவிட்டது.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் வீதி. நடுவில் காம்பவுண்டு கிடையாது, படிக்கட்டு கிடையாது. அதனால் ஊரில் அவசரப்பட்ட ஆண்களெல்லாம் ஒதுங்கியது அங்கேதான். அத்தனையையும் தேக்கி வைத்திருந்தால் ஊசுட்டேரி வருஷத்துக்கு இரண்டு தடவை உடைந்திருக்கும். எதிர்வீட்டு இராமதாஸ், “பிள்ளையாரு, சிலுவை, பிறை மூணையும் வரைஞ்சு வுடுய்யா, ஒருத்தன் கிட்ட வரமாட்டான்” என்றார்.

“சாமிய இதுக்காய்யா காவல் வெப்பாங்க? மனுசங்கள நிக்க வெக்கிறேன் பாரு. ஒரு டஜன் பேரு மொறைச்சுப் பாத்தா எவன் வேட்டியத் தூக்குவான்?”

தேர்தலுக்குச் சுவர் எழுதும் வெற்றிவேலைக் கூட்டிவந்தார். நீலப் பின்னணி பூசிவிட்டு அவன் தலையைச் சொறிந்தான். “மொகம் வேணும் சார். நானா போட்டா எல்லாம் எங்க மச்சான் மாதிரியே வருது.”

முகங்கள் அந்தச் சுவரிலேயே இருந்தன. அதுவரை அங்கே ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களைக் கலியபெருமாள் கிழிக்காமல் தண்ணீர் தெளித்து உரித்து வைத்திருந்தார். ரெட்டியார்பாளையத்துப் பார்வதி, இடது கண் கொஞ்சம் சின்னது, நெற்றியில் தழும்பு. பிரான்சு பட்டாளத்தில் இருந்த சொல்தா கோவிந்தராசு, நெஞ்சில் மெடல். இப்படி ஒரு கட்டு. எல்லாம் நேராகப் பார்க்கும் நல்ல முகங்கள்.

“செத்தவங்களா சார்?”

“மழையில கிழிஞ்சு சாக்கடையில போறதுக்கு, ரோட்டப் பாத்து நிக்கட்டுமே. மரியாதைதானே?”

வெற்றிவேல் வரைந்தான். என்னமாய் வரைந்தான்! பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மாதிரி அவர்கள் வரிசையாக வீதியைப் பார்த்து நின்றார்கள். பாதி பிரான்சு விமானம் ஏறி வந்து போட்டோ எடுத்தது. ஆட்டோக்காரர்கள் சவாரியை இறக்கிவிட்டுப் பார்த்தார்கள். மீன்காரி ஒருத்தி பார்வதியின் புடவைக் கரையைத் தொட்டு, நூலா பெயிண்டா என்று நகத்தால் சுரண்டினாள்.

பார்க்காத ஒரே ஆள் கலியபெருமாளின் மனைவி தனக்கொடி. சுவர் வேலை தொடங்கிய வாரம் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, அதே சுவரை ஒட்டிய கட்டிலில் கிடந்தாள். அசைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தினமும் கேட்பாள்: “ஏங்க, இன்னிக்கு யாராரு வந்து பாத்தாங்க?” அவர் பத்துப் பேரை நூறாக்கிச் சொல்வார். “நீ எழுந்து நில்லு தனம். மொதல் வேலையா உன்னத் தூக்கினு போயி வீதியில நாற்காலி போட்டு உக்கார வெச்சுக் காட்டுறேன்.” அந்த ஒரு வாக்கை வைத்துத்தான் அவள் வலியைப் பொறுத்துக்கொண்டிருந்தாள். அவள் பொறுக்கிற வரைக்கும்தான் அவரும்.

அப்புறம் பாதாளச் சாக்கடைக்குக் குழாய் பதிக்க வீதியைத் தோண்டினார்கள். இரண்டு முனையிலும் தடுப்பு. மழை வந்தது. பள்ளம் நிறைந்தது, வேலை நின்றது, தோண்டியவர்கள் போன் கம்பியையும் அறுத்துவிட்டுப் போனார்கள். பிரான்சு வரவில்லை, ஆட்டோ வரவில்லை, ஒரு நாய்கூட அந்தப் பக்கம் தலை காட்டவில்லை. சுவரில் நின்றவர்கள் ஆளில்லாத வீதியைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

அப்போதுதான் கொண்டை தெரிந்தது.

மறுநாள் அவளுக்குப் பக்கத்தில் அகன்ற தோள் ஒன்று. அதற்கடுத்த நாள் சுவர் முழுக்க முதுகுகள். தனக்கொடிக்கு ஒரே சந்தோஷம். “என்னால பாக்க முடியலன்னு எவ்ளோ அழுதேன். பாருங்க, முதுகாவது காட்டுறாங்க.”

“ஓதம்டி அது. பெயிண்டு இருக்கிற எடத்துல தண்ணி வேற மாதிரி எறங்குது.” சொல்லும்போது அவருக்கே நம்பிக்கையாகத்தான் இருந்தது. ராத்திரி சுண்ணாம்பு குழைத்து அடித்தார். காலையில் சுண்ணாம்பு உலர்ந்திருந்தது. முதுகுகள் ஈரமாகவே இருந்தன.

அன்று பொழுது சாயும் முன்பே இருட்டிவிட்டது. மின்சாரம் போனது. ஓட்டிலிருந்து வடியும் தண்ணீர், பள்ளத்தில் தவளைகள், பக்கத்து வீட்டுத் தகரத்தில் மழை என்று காது நிறைந்திருந்த சத்தங்களுக்கு அடியில், வேறொரு சத்தம் இருந்ததை அவர் வெகுநேரம் கழித்தே கவனித்தார். மெல்லிய, ஒரே சீரான உறுமல். எங்கோ கேட்ட சத்தம். அம்மா செத்தபோது கூடத்தில் கேட்டது. ஐஸ் பெட்டி ஓடுகிற சத்தம்.

கரண்டு இல்லாத வீதியில்.

சுண்ணாம்பின் புளித்த வாடைக்குள்ளிருந்து வேறு வாசனைகளும் கசிந்தன. ஊதுபத்தி. வாடின ரோஜா மாலை. கசங்கிய சாமந்தி.

“ஏங்க,” என்றாள் தனக்கொடி. “அந்தக் கொண்டை போட்ட அம்மா திரும்பிட்டாங்க.”

அவர் டார்ச்சை எடுக்கவில்லை. கை போகவில்லை.

“நல்ல மொகம். இடது கண்ணுதான் கொஞ்சம் சின்னதா இருக்குது. நெத்தியில தழும்பு. வுழுந்துட்டாங்க போல, என்ன மாதிரி.”

அவர் அதை அவளிடம் சொன்னதே இல்லை. நூறு பேர் வந்தார்கள் என்று புளுகியிருக்கிறார், பிரான்சு வந்தது என்று அளந்திருக்கிறார். இடது கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

“பெரியவரு ஒருத்தரு இன்னும் திரும்பல. தோளு மட்டும் அசையுது. நெஞ்சுல ஏதோ மினுக்குனு...”

“தனம். கண்ண மூடு. அந்தப் பக்கம் பாக்காத.”

“இன்னாங்க நீங்க. பாக்கத்தான வந்திருக்காங்க?”

கட்டிலின் கால்மாட்டைப் பிடித்து இழுத்தார். அரை அடி நகரவில்லை, அவள் போட்ட அலறலில் கை தானாக விட்டது. இரண்டு ஆள் வேண்டும். தூக்கினாற்போல் கூடத்துக்கு, அங்கிருந்து பின்கட்டுக்கு, எங்கேயாவது, இந்தச் சுவரை விட்டு.

“இராமதாஸக் கூட்டினு வரேன். அஞ்சே நிமிசம்.”

“மெதுவா போங்க, பள்ளம். எனக்கு இன்னா பயம்? இத்தினி பேரு துணைக்கு இருக்காங்களே.”

டார்ச்சை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து, பள்ளத்தின் மேல் போட்டிருந்த பலகையில் கால் வைத்தார். பலகை வழுக்கியது. “இராமதாஸ்!” என்று கத்தினார். எதிர்வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம், தூரத்தில், பஸ் ஒன்று ஹாரன் அடித்தபடி போனது. வேறு உலகத்துச் சத்தம்.

திரும்பக் கூடாது என்று நினைத்தார்.

திரும்பினார்.

டார்ச் வெளிச்சம் சுவரின் இந்தக் கோடியில் விழுந்தது. சொல்தா கோவிந்தராசு நிற்கிற இடம். வெறும் நீலம். ஆள் இல்லை. வெளிச்சத்தை நகர்த்தினார். நீலம். இன்னும் நகர்த்தினார். மழை வழியும் நீலம். யாருமே இல்லை.

அந்தக் கோடியில் இருந்தார்கள்.

எல்லாரும். கட்டில் கிடக்கிற இடத்துக்கு நேராக. ஒரே கும்பலாக.

முதுகுகள். வெற்றிவேல் வரையாத முதுகுகள். பார்வதியின் ரவிக்கையில் கொக்கி அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. கோவிந்தராசுவின் பிடரியில் நரை. எல்லாரும் குனிந்திருந்தார்கள். பின்னால் நின்ற ஒருத்தி கால் விரலில் எக்கி, முன்னால் இருப்பவரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

எதைப் பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். எத்தனை வீட்டில் அவரே அப்படி எக்கி நின்றிருக்கிறார். எடுக்கும் முன்பு கடைசியாக முகம் பார்க்கிற கும்பல்.

“தனம்!”

உறுமல் சத்தம் மட்டும்.

கும்பலில் பின்னால் நின்றவள் அவர் குரலைக் கேட்டாள். தலை திரும்பவில்லை. ஆனால் பக்கத்தில் நின்றவரின் முழங்கையைத் தொட்டாள். அவர் அடுத்தவரைத் தொட்டார். சாவு வீட்டில் நெருங்கிய சொந்தம் வந்துவிட்டால் எப்படி நகர்வார்களோ, அப்படி, மரியாதையாக, சத்தமில்லாமல், இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள்.

வழி விட்டார்கள்.

நடுவில் அவள் படுத்திருந்தாள். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணிக் கட்டு. மூக்கில் பஞ்சு. கால் பெருவிரல் இரண்டும் சேர்த்துக் கட்டியிருந்தது. வண்ணம் இன்னும் காயவில்லை. மழை மற்ற எல்லார் மேலும் வழிந்தது. அவள் மேல் வழியவில்லை.

கட்டின துணிக்குள் உதடு அசையாமல், வீட்டுக்குள்ளிருந்து அல்ல, சுவரிலிருந்து குரல் வந்தது. வாய் நிறையச் சந்தோஷமான குரல்.

“ஏங்க, இங்க இருந்துதான் எல்லாம் நல்லாத் தெரியுது. எவ்ளோ அழகா வரைஞ்சிருக்காங்க! கிட்ட வந்து பாருங்க.”