பக்கத்துல போய் உட்காருங்க

"மறுபடியும் வந்ததுக்கு நன்றி. நேத்து பேசினதுக்கப்புறம் கொஞ்சமாவது தூங்கினீங்களா?"

அவள் அதை இரண்டு முறை படித்தாள். அந்த எண்ணுக்கு அவள் எழுதுவது இதுவே முதல் தடவை. அதுவும் ஒரே ஒரு வரி: என்னால முடியல, யார்கிட்டயாவது பேசணும்.

மனம் உடைந்தவர்களுக்கான உதவி எண் அது. அவள் சட்டைகளுக்குப் பிசிறு வெட்டும் கம்பெனியில், பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்தார்கள். பேச வேண்டியதில்லை, எழுதினால் போதும் என்று போட்டிருந்தது அவளுக்குப் பிடித்திருந்தது. நான்கு மாதங்களாகவே பேச வாயெடுத்தால் அழுகைதான் வந்தது. வீட்டில் பேசினாலும், துணைக்கு வந்து தங்கியிருக்கும் நாத்தனாரின் காதுக்குச் சுவர் ஒரு பொருட்டே இல்லை. நல்லவள்தான், ஆனால் இவளுடைய போனைத் தன் போன் போலவே எடுத்துப் பார்ப்பாள்.

அதனால்தான் இன்று, மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்த மதியத்தில், "கதவைத் தாழ் போட்டுக்கோ, பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வந்துடறேன்" என்று நாத்தனார் குடையோடு இறங்கியதும், அலமாரியின் அடித்தட்டிலிருந்து கணவனின் போனை எடுத்து மின்சாரத்தில் செருகினாள். போலீஸ்காரர் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்த நாளிலிருந்து உயிரில்லாமல் கிடந்த போன் அது.

'நான் இப்பத்தான் முதல் தடவை எழுதறேன்' என்று அனுப்பினாள்.

பதில் உடனே வந்தது. "பரவாயில்லங்க. இந்த நம்பர்லேர்ந்து ஒரு வாரமா பேசிக்கிட்டிருக்கோம். வீட்ல வேற யாராவது இந்த போனை எடுத்திருப்பாங்களோ?"

விரலால் திரையைக் கீழே இழுத்தாள். அவள் எழுதிய வரிக்கு மேலே வேறு வரிகள் இருந்தன. நிறைய.

முதலாவது: 'இங்க ரொம்பக் குளிருது. வெளிச்சம் இல்ல. தட்டித் தட்டிக் கை வலிக்குது.'

அவள் கணவன் மீன் ஏற்றுமதிக் கிடங்கில் மேற்பார்வையாளனாக இருந்தான். ஒரு சனிக்கிழமை மாலை, எல்லோரும் கிளம்பிய பிறகு, சரக்கைக் கடைசியாக ஒரு முறை பார்க்கக் குளிரறைக்குள் போனான். உள்பக்கக் கைப்பிடி கழன்று கையோடு வந்துவிட்டது. உள்ளே போனுக்கு சிக்னல் கிடையாது; ஊரெல்லாம் தேடியும், திங்கள் காலையில்தான் அதைத் திறந்தார்கள்.

உதவி எண்ணில் இருந்தவர் கேட்டிருந்தார்: "தனியா மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கா?"

'ஆமா. அப்படித்தான்.'

அவர் அதை மனவேதனையைச் சொல்லும் ஒரு விதமாக எடுத்துக்கொண்டிருக்கிறார். யாராக இருந்தாலும் அப்படித்தானே எடுத்துக்கொள்வார்கள். பொறுமையாக, அக்கறையாக, ஒவ்வொரு நாளும் கேட்டிருந்தார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், மனதுக்கு நெருக்கமானவர் யார் என்று.

'வீட்டுக்கு வந்துட்டேன். யாரும் என்னைப் பார்க்கல. தூங்குமூஞ்சி என் சட்டையெல்லாம் மூட்டை கட்டி வச்சிருக்கா.'

"தூங்குமூஞ்சி யாருங்க?"

'என் பொண்டாட்டி.'

அவளுக்குச் சிரிப்பு போல ஒன்று வந்து பாதியில் நின்றது. அந்தப் பெயர் நாத்தனாருக்குத் தெரியாது. பிள்ளைக்குத் தெரியாது. விளக்கை அணைத்த பிறகு மட்டும், காதோரம், அவன் வைத்துக் கூப்பிட்ட பெயர். நான்கு மாதங்களாகத் தலையணையில் முகத்தைப் புதைத்து, ஒரே ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள் என்று அவள் கெஞ்சாத இரவு இல்லை. இப்போது அந்த ஆசை எங்கே ஓடி ஒளிந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"உங்க வலி அவங்களுக்குத் தெரியாம இருக்கலாம். சின்னதா ஆரம்பிங்க. அவங்க இருக்கற ரூம்லயே இருந்து பாருங்க."

'இருக்கேன். அலமாரி ஓரமா நிக்கறேன். அவ தூங்கறதைப் பார்த்துக்கிட்டு.'

இந்த வாரம் முழுக்கக் காலையில் எழுந்தால் அலமாரியின் காலடியில் தண்ணீர் தேங்கி நின்றது. கூரை ஒழுகுகிறது என்றாள் நாத்தனார். இவள் பழைய துணியால் துடைத்துப் பிழிந்தாள். பிழிந்த தண்ணீரில் மீன் கவிச்சி அடித்தது. பூனை வந்து போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசி வரிகள் நேற்றையவை.

'பக்கத்துல போனா பயப்படுவா.'

"அன்பா இருந்தா பயப்பட மாட்டாங்க. பக்கத்துல போய் உட்காருங்க. கையைப் பிடிச்சுக்கோங்க. பேசணும்னு கட்டாயமில்ல. உங்களால முடியும்."

'நாளைக்கு அக்கா வெளியே போவா. அப்ப போறேன்.'

மழைச் சத்தம் நின்றுவிட்டிருந்தது. மழை நிற்கவில்லை; ஜன்னலுக்கு வெளியே கோடு கோடாக விழுந்துகொண்டுதான் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை, தடித்த கதவு ஒன்றை யாரோ சாத்திவிட்ட மாதிரி. அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அலமாரி முதுகுக்குப் பின்னால் இருந்தது.

விரல்கள் எழுத்துகளைத் தவறவிட்டன. அழித்து அழித்து அடித்தாள். 'அது நான் இல்ல. என் வீட்டுக்காரர். அவர் செத்து நாலு மாசம் ஆச்சு.'

இந்த முறை பதில் வரத் தாமதமானது.

"நீங்க சொல்றதைக் கேட்டுக்கிட்டிருக்கேன். ரொம்பப் பயந்திருக்கீங்கன்னு புரியுது. தனியா இருக்க வேணாம். உடனே பக்கத்து வீட்டுக்குப் போய் உட்கார முடியுமா?"

போகலாம். வாசல் பத்தடி. பக்கத்து வீட்டில் தையல்காரி இருப்பாள், மெஷின் ஓட்டிக்கொண்டு. எழுந்தால் போதும்.

எழ முயன்றாள்.

கால்கள் குளிரில் மரத்துப் போயிருந்தன. வாயிலிருந்து வந்த மூச்சு வெள்ளையாகத் தெரிந்தது. மின்விசிறி ஓடவில்லை. ஆனாலும் கழுத்தில் காற்று பட்டது. ஈரமான காற்று. கவிச்சி.

அலமாரிப் பக்கம் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. கொஞ்சம் கிட்டத்தில்.

"என்னங்க?" என்றாள். சமையலறையிலிருந்து கூப்பிடும் அதே குரலில். அவளை அறியாமல் வந்துவிட்டது.

பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ளும் சத்தம். அவளுடைய பற்கள் அல்ல.

மெத்தை இறங்கியது. இடது பக்கம். ஓர் ஆள் பாரத்துக்கு.

அவள் திரும்பவில்லை. திரையையே பார்த்தாள். விரல் எதுவும் படவில்லை. ஆனாலும் அந்த போனிலிருந்து ஒரு வரி கிளம்பிப் போனது.

'பக்கத்துல உட்கார்ந்துட்டேன்.'

உடனே பதில்.

"அப்பாடா. ரொம்ப நல்ல காரியம் பண்ணீங்க. இனி நீங்க தனியா இல்ல. அவங்க கையைக் கெட்டியா பிடிச்சுக்கோங்க."

வேண்டாம் என்று எழுதப் போனாள். இடது கை வரவில்லை.

அதைப் பிடித்திருந்த கை கருநீலமாக இருந்தது. விரல் நுனிகளில் நகம் இல்லை. மென்மையாகத்தான் பிடித்திருந்தது. எப்போதும் பிடிப்பது போலவே, கட்டைவிரலால் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு.

இழுத்தாள். உள்ளங்கை பிரியவில்லை. உறைந்த இரும்பில் ஒட்டியது போல ஒட்டியிருந்தது. இன்னும் இழுத்தாள். தோல் மட்டும் வந்தது.

பனி படிந்த ஒரு தலை மெல்லச் சாய்ந்து அவள் தோளில் அமர்ந்தது. உருகிய தண்ணீர் ரவிக்கைக்குள் வழிய, நெடுநாள் தூங்காதவன் தூங்கப் போவது போல அது ஒரு நீண்ட பெருமூச்சு விட்டது.