பூஜ்யப் பங்கு

பங்குமானி மூன்று பூஜ்யங்களைக் காட்டியது. வீடு, பூஜ்யம். பள்ளி, பூஜ்யம். அரசு, பூஜ்யம்.

"நல்லதாப் போச்சும்மா," என்றார் தலைமையாசிரியர் அருள்தாஸ். "நம்ம யார் மேலயும் தப்பில்ல."

வசுமதி பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தாள். இளவெயினிக்கு ஒன்பது வயது. அவள் பேசி இருபத்து மூன்று நாளாகிறது.

"தப்பு யாரோடதுன்னா கேட்டேன்? பேச்சு மருத்துவமனையில சேர்க்கணும் சார். கையெழுத்து வேணும்."

"பங்கு உள்ளவங்கதான் போட முடியும்," என்றார் பங்கீட்டு அலுவலர் நஸீமா. "பழியில பங்கில்லன்னா உரிமையிலயும் பங்கில்ல. சட்டம்."

"நான் பெத்தவ, மேடம்."

"பெத்தது சரி. பங்கு இல்லையே."

"அப்ப அரசு போடட்டும்."

"அரசும் பூஜ்யம்தானே."

வசுமதி அருள்தாஸைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

ஒவ்வொரு குழந்தையின் சட்டைக் காலரிலும் பொத்தான் அளவில் ஒரு பங்குமானி உண்டு. பெரியவர்கள் குழந்தையிடம் சொல்வதையும் செய்வதையும் அது எடை போடும். குழந்தைக்கு ஒரு கேடு வந்தால் பழியை வீடு, பள்ளி, அரசு மூன்றுக்கும் சதவீதத்தில் பிரித்துக் கொடுக்கும். மூவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டும் சண்டையை ஒழிக்க வந்த கருவி. ஒழித்தும் விட்டது. பங்கு நாற்பதைத் தாண்டினால் பெற்றோருக்குத் திருத்த முகாம். ஆசிரியருக்குத் தண்ணியில்லாக் காடு.

சொல்லாத சொல்லுக்கு எடையில்லை என்பதை ஊர் சீக்கிரமே கண்டுகொண்டது. சறுக்குமரத்திலிருந்து ஒரு பிள்ளை விழுந்ததும் அரசு பூங்காக்களைப் பூட்டியது. ஆசிரியர்கள் பாடத்தைத் திரையில் ஓடவிட்டு வராந்தாவில் நின்றார்கள். வசுமதி பேருந்து நடத்துனர். பகலெல்லாம் தொண்டை கிழியக் கத்துவாள். வீட்டு வாசலில் வாயைக் கழற்றி வைத்துவிடுவாள். சாப்பிட வரச்சொல்லக் கரண்டியால் தட்டில் ஒரு தட்டு. படுக்கப் போகச்சொல்ல இரண்டு. எட்டு சதவீதம் வாங்கிய பக்கத்து வீட்டுக்காரி இவளிடம் வந்து வழி கேட்டுப் போனாள்.

"என் மேல போடுங்க மேடம். எவ்வளவு வேணும்னாலும் போடுங்க."

"நானா போட முடியாதும்மா. ஆதாரம் வேணும். அடி, திட்டு, கொஞ்சல், எதுவானாலும் சரி." நஸீமா திரையைத் தள்ளிக்கொண்டே போனார். "இந்த வருஷம் நீங்க அவகிட்ட சொன்னது பதினோரு சொல். பத்து 'ம்'."

"இன்னொண்ணு?"

"'தள்ளு'."

அருள்தாஸ் எழுந்தார். "வரேன்மா. வகுப்பு இருக்கு."

"தானா ஓடுற வகுப்புதானே சார்? நில்லுங்க."

வசுமதி மகளைத் தன் பக்கம் திருப்பினாள்.

"ஏண்டி, வாயில என்ன கொழுக்கட்டையா? இருபத்து மூணு நாளா மரம் மாதிரி நிக்கிற. என்னன்னு கேட்டா சொல்ல மாட்டியா?" நிறுத்தினாள். "எவ கேட்டா? நான் கேட்டேனா? இந்த சார் கேட்டாரா? இந்தம்மா கேட்டாங்களா? வாயத் தொறந்து அழக்கூடத் தெரியாதாடி உனக்கு, மக்குச் சனியனே!"

இளவெயினி நிமிர்ந்து அம்மாவின் வாயையே பார்த்தாள். அருள்தாஸ் சத்தமில்லாமல் வாசற்படியைத் தாண்டி நின்றுகொண்டார்.

பங்குமானி ஒலித்தது. கடும் வசவு. வீடு, நூறு. பள்ளி, பூஜ்யம். அரசு, பூஜ்யம்.

"முழுசும் உங்களோடதுதான்," என்றார் நஸீமா. மூச்சு விட்டார். இரண்டு தாள்களை நீட்டினார். "இது மருத்துவமனைக்கு. இது திருத்த முகாமுக்கு. தொண்ணூறு நாள். நாளைக்கே போகணும்."

வசுமதி இரண்டிலும் கையெழுத்துப் போட்டாள். அவளுடைய காக்கிச் சட்டையை ஒரு கை பிடித்து இழுத்தது.

"இன்னும் திட்டும்மா," என்றாள் இளவெயினி.

நஸீமா மருத்துவமனைத் தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டார். குழந்தைதான் பேசிவிட்டதே. முகாம் தாள் மேஜையிலேயே இருந்தது.